பெரியம்மாவின் கொப்பியும் 18,000 டொலரும்

இந்தக் கிழமை எபிசோட்டில், ஒரு பிஸ்னசுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி மென்பொருள் செய்விக்கிறதைப் பற்றிக் கதைச்சோம். ஒரு மணித்தியாலம் கதைச்சும் ஒரு விசயத்தை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது என்ர சொந்தப் பிழை. மைக்குக்கு முன்னால் சொல்ல வெக்கமாக இருந்தது. எழுதுகிறது கொஞ்சம் சுகம்.

ஸ்காபரோவில் என்ர பெரியம்மா கேட்டரிங் செய்கிறா. ரோல்ஸ், கட்லட், இடியப்பம், சொதி, பிரியாணி, மரக்கறிச் சாப்பாடு எல்லாம் இருக்கு. இருபது வருசத்துக்கு மேலாக நடக்கிற வேலை. ஓடர் போனில் வரும், வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும், கோயில் வீதியில் நின்று கதைக்கேக்கையும் வரும். எங்கிருந்து வந்தாலும் கடைசியில் ஒரு இடத்துக்குத்தான் போகும். ஊரில் சீ.ஆர். கொப்பி என்று சொல்கிற தடிச்ச மட்டைக் கொப்பி. முன்பக்கத்தில் பிள்ளையார் சுழி, உள்ளே பெயர், திகதி, சாமான், எங்களுக்கு விளங்காத சில குறிகள்.

2022 கோடையில், கொரோனாவுக்காகத் தள்ளிப்போட்ட கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் ஒன்றாக வந்து குவிந்தது. ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு பெரிய ஓடர் எடுத்து, பெரியம்மா வெள்ளி இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் நின்று சமைத்தவா. அடுத்த கிழமை எனக்குப் போன் வந்தது.

"தம்பி, நீ கொம்பியூட்டர் தானே படிச்சனீ? எங்களுக்கு ஒரு சொவ்ட்வெயார் செய்து தாவன்."

இந்த வசனத்தைக் கேட்காத ஆள் இந்த மடலை வாசிக்கிறவர்களில் இருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடை, கேட்டரிங், நகைக்கடை, லோரி ஓட்டம், டே கெயார், வீடு துப்புரவு செய்கிற கொம்பனி என்று எங்கட அம்மா அப்பாமார் நடத்துகிற தொழிலுக்கும் கணினி உலகத்துக்கும் நடுவில் நிற்கிற பாலம் நாங்கள்தான். அந்தப் பாலத்தில் ஓட்டை இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கதை.

எனக்கு முழுநேர வேலை இருந்தது. ஆகவே மூன்று பேர் இருக்கிற ஒரு சின்ன கொம்பனியைப் பிடித்தேன். ஓடர் பதிவு, சமையல் அளவு, பில், முற்பணம், ஆட்களுக்கு மெசேஜ் அனுப்புகிறது எல்லாம் சேர்த்து 18,000 டொலர். 13 வீத எச்.எஸ்.ரி. போட்டால் 20,340. பெரியம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் செக் எழுதினவா. நாலு மாதம் என்று சொன்னது ஒன்பது மாதம் ஆனது. 2023 ஜூனில் ஓடத் தொடங்கியது. வடிவாகத்தான் இருந்தது. பெரியப்பா ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த வருசம் ஒக்டோபரில் பெரியம்மாவின் ஊர்க்காரர் ஒருவர் மோசம் போனார். வீட்டுக்காரர் போன் எடுத்தார்கள். சனிக்கிழமை தகனம் முடிய 200 பேருக்கு மரக்கறிச் சாப்பாடு. கடையில் வேலை செய்கிற பிள்ளை, பழகின மாதிரி, ஓடரைச் சிஸ்டத்தில் பதிந்தது. முற்பணம் என்ற பெட்டியில் ஒன்றும் போடவில்லை, ஏனென்றால் ஒருவரும் முற்பணம் கேட்கவில்லை.

வெள்ளி பின்னேரம், பூதவுடல் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் நின்ற மகளின் போனுக்கு ஒரு மெசேஜ் போனது. உங்கள் 50 வீத முற்பணம் இன்னும் கிடைக்கவில்லை, இன்று ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் உங்கள் ஓடர் ரத்தாகும் என்று. கீழே பெரியம்மாவின் கடைப் பெயர். அஞ்சலி செலுத்த வந்து வரிசையில் நின்ற பெரியம்மாவிடம் அந்தப் பிள்ளை போனை நீட்டினது.

சனிக்கிழமை சாப்பாடு நேரத்துக்குப் போனது. அதற்குப் பெரியம்மா காசு வாங்கவில்லை. ஞாயிறு காலமை லப்டொப்பை மூடி, மா வாளிக்குப் பக்கத்தில், கீழ்த்தட்டில் வைத்தவா. பிறகு அதைத் திறக்கவே இல்லை. என்னை ஒரு சொல் ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நான் சுருக்கின ஆறு நிமிசம்

இதில் மென்பொருளில் பிழை இல்லை. அது சொன்னதைச் செய்தது. பிழை நடந்தது அதற்கு ஒரு வருசத்துக்கு முதல், 2022 செப்டெம்பரில், கடையின் பின்பக்க மேசையில்.

டெவலப்பர் நல்ல மனுசர், தமிழ் தெரியாதவர். ஆங்கிலத்தில் கேட்டார்: எல்லா ஓடருக்கும் முற்பணம் வாங்குவீர்களா? நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவ தொடங்கினவா.

"அது ஆளைப் பொறுத்தது தம்பி. கலியாணம் எண்டா வாங்குவன். கோயில் எண்டா திருவிழா முடிய அவையே கொண்டுவந்து தருவினம். செத்தவீடு எண்டா கேக்கிறேல்லை, முப்பத்தொண்டு முடிய அவையா வருவினம். சில பேரிட்டக் கட்டாயம் வாங்கோணும், ஏனெண்டா முந்தி ஒருக்கா..."

ஆறு நிமிசம் இருக்கும். இரவு எட்டரை மணி, எனக்கு அடுத்த நாள் வேலை. நான் டெவலப்பர் பக்கம் திரும்பி, "ஓம், 50 வீதம்" என்றேன்.

அவ்வளவுதான். நான் மொழிபெயர்க்கவில்லை, சுருக்கினேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் முற்பணத்தைக் கட்டாயப் பெட்டி ஆக்கினார். வராவிட்டால் 24 மணித்தியாலத்துக்கு முதல் மெசேஜ் போகும் என்றும் எழுதினார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆட்கள் கதைக்கேக்கை "எப்பவும்" என்று சொன்னால் அதற்குப் "பெரும்பாலும்" என்றுதான் அர்த்தம். கேட்கிறவருக்கும் அது தெரியும். நிரலில் அப்படி ஒரு நெளிவு இல்லை. "எப்பவும்" என்றால் செத்தவீட்டிலும் எப்பவும். ஒரு தொழிலுக்கு மென்பொருள் செய்விக்கிறதில் இருக்கிற கஷ்டத்தில் முக்கால்வாசி இந்த இரண்டு "எப்பவும்"களுக்கும் இடையில்தான் கிடக்கிறது. டெவலப்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கேட்கிற பக்கத்தில் அந்த வேலையைச் செய்யாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒட்டாவாவுக்கும் இதேதான் நடந்தது

சின்னக் கடை, சின்னக் கொம்பனி, அதுதான் இப்படி என்று நினைக்காதேங்கோ. கனடா மத்திய அரசின் பீனிக்ஸ் சம்பள முறையைப் பற்றி உங்களில் சிலருக்குச் சொந்த அனுபவமே இருக்கும். அரசாங்கத்தில் வேலை செய்கிற அம்மாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கோ.

2009இல் இந்த முறையைக் கட்டி அமைக்க ஒதுக்கின பணம் 155 மில்லியன் டொலர். 2012இல் ஐபிஎம் கணக்குப் பார்த்து, 274 மில்லியன் வேணும் என்று சொன்னது. அந்த இடத்தில், கூடக் காசு கேட்கலாம், அல்லது நிறுத்தி யோசிக்கலாம். பொறுப்பாக இருந்த அதிகாரிகள் இரண்டையும் செய்யவில்லை. காசுக்கு ஏற்ற மாதிரி வேலையை வெட்டினார்கள். இருக்கவேண்டிய 984 செயற்பாடுகளில் நூற்றுக்கு மேற்பட்டவை கழற்றப்பட்டன அல்லது பிறகு பார்ப்போம் என்று தள்ளப்பட்டன. முன்திகதியிட்டு வருகிற சம்பளப் பாக்கியைக் கணக்குப் போடுகிறதும் அதில் ஒன்று. முதலில் ஒரு திணைக்களத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கிற முன்னோட்டத் திட்டமும் கைவிடப்பட்டது.

எனக்கு இதில் உறைக்கிற பகுதி வேறு. அரச சம்பளத்துக்கு 80,000க்கு மேற்பட்ட விதிகள் இருந்தன. அவற்றைத் தெரிந்து வைத்திருந்த சம்பள ஆலோசகர்கள் திணைக்களம் திணைக்களமாக இருந்தார்கள். அந்த ஆலோசகர் வேலைகள் சுமார் 1,200ஐ நீக்கி, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிராமிச்சி என்ற ஊரில் 550 பேரோடு ஒரு மையத்தை அமைத்தார்கள். புது முறை சரியாக ஓடுகிறதா என்று தெரிய முதலே பழைய ஆட்களை அனுப்பியாயிற்று. எத்தனை விதி தாளில் இருந்திருக்கும், எத்தனை அந்த ஆட்களின் தலைக்குள் மட்டும் இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. கொப்பியை எரித்துவிட்டு லப்டொப்பைத் திறக்கிற வேலை அது.

2016 பெப்ரவரியில் பீனிக்ஸ் ஓடத் தொடங்கியது. பத்தாயிரக்கணக்கான ஆட்களுக்குச் சம்பளம் குறைந்து வந்தது, கூடி வந்தது, சிலருக்கு வரவே இல்லை. 2018இல் கணக்காய்வாளர் நாயகம் மைக்கேல் பெர்குசன் தன்ர அறிக்கையில் இதை விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி என்று வர்ணித்தார். பொறுப்பாயிருந்த அதிகாரிகள், வேலை சரியாக நடக்குமா என்பதை விடக் காசுக்குள்ளும் தவணைக்குள்ளும் முடிக்கிறதையே முதன்மையாக வைத்தார்கள் என்பதுதான் அவர் சொன்னதின் சாரம்.

நாங்களும் அதையே செய்தோம். 18,000க்குள் முடியவேணும், சாமத்தியவீட்டு சீசனுக்குள் முடியவேணும் என்று.

61 "ஆனா"

2024 ஒக்டோபர் முடிவில் அந்தப் பிள்ளை கடைக்குப் போன் எடுத்தது. அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்குச் சாப்பாடு வேணும். எல்லாம் சொல்லி முடிய, கடைசியாகக் கேட்டது: "மெசேஜ் ஒண்டும் வராது தானே அன்ரி?"

பெரியம்மா இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னவா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பச் செய்வோம், இந்த முறை நான் ஒழுங்காகச் செய்கிறேன், என்ர காசில் என்றேன். "காசு கிடக்கட்டும், முதல்ல இதில வந்து இரு" என்றா.

அதுதான் வழி என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்று சனிக்கிழமை கடையில் போய் இருந்தேன். என்ன வேணும் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எல்லாருமே தங்களுக்குத் தெரிந்த அப் ஒன்றின் படத்தைத்தான் விபரிப்பார்கள். அதற்குப் பதிலாக, "போன கிழமை இந்த ஓடர் எப்பிடி வந்தது, முதலில இருந்து சொல்லுங்கோ" என்று கொப்பியில் ஒரு வரியைத் தொட்டுக் கேட்டேன். அவ சொல்லச் சொல்ல, "ஆனா" என்ற சொல் வருகிற ஒவ்வொரு இடத்தையும் எழுதினேன். மூன்று சனிக்கிழமையில் 61 "ஆனா" சேர்ந்தது.

200 பேர் என்று சொல்லுவினம், ஆனா சாமத்தியவீடு எண்டா 240க்குப் போடோணும். செத்தவீடு எண்டா எத்தனை பேர் எண்டு கேக்கிறேல்லை, எந்த ஊர் எண்டு கேட்டாத் தெரியும் எவ்வளவு சனம் வருமெண்டு. வெள்ளிக்கிழமை மச்சம் ஓடர் குறைவு, ஆனா பிள்ளையளின்ர பிறந்தநாள் எண்டா அப்பிடியில்லை. புரட்டாதிச் சனிக்கு ரோல்ஸ் மரக்கறியில. இரண்டு நாளுக்கு முதல் ஆள் கூட்டிச் சொன்னாச் செய்யலாம், ஆனா இடியப்பம் ஏலாது.

பழைய சிஸ்டத்தில் ஓடர் "உறுதி" ஆகிவிட்டால் மாற்ற முடியாது. பெரியம்மாவின் தொழிலே கடைசி இரண்டு நாளில் மாற்றுகிறதுதான்.

கொப்பியில் இருந்த குறிகளும் அப்போதுதான் விளங்கியது. பெயருக்குப் பக்கத்தில் வட்டம் என்றால் காசு பிறகு. இரண்டு கோடு என்றால் முற்பணம் கட்டாயம். "ஊ" என்றால் ஊர்ச்சனம், விலை வேறு. நான் 18,000 டொலர் குடுத்துச் செய்வித்த சிஸ்டத்தை விட அந்தக் கொப்பி நுட்பமானது. அதைத்தான் நான் முதல் நாளே டெவலப்பரிடம் காட்டியிருக்கவேணும். நான் காட்டவில்லை, ஏனென்றால் கறி படிந்த கொப்பியை ஒரு வெள்ளைக்கார டெவலப்பருக்குக் காட்ட எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லவேணும் தானே.

பிறகு அந்த 61ஐயும் பிரித்தோம். கணினிக்கு விடக்கூடியவை பதினெட்டோ பத்தொன்பதோ. மிச்சம் எல்லாம் ஆள் பார்த்து முடிவெடுக்கிற விசயம். அவற்றை விதியாக்கப் போனால் காசும் போகும், பிழையும் வரும். அவற்றுக்குச் செய்யவேண்டியது ஒன்றுதான். எந்த விதியையும் ஒரு அழுத்தில் தாண்டிப் போக இடம் வைக்கிறது. புதுச் சிஸ்டத்தில் அந்தப் பொத்தானின் பெயர் "பெரியம்மா சொன்னவா". டெவலப்பருக்கு அதை விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உண்மையில் தைக்கவேணுமா?

இதற்குப் பிறகுதான், முதலே கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டோம். இதில் எதை நாங்கள் செய்விக்கவேணும், எதைக் கடையில் வாங்கலாம்?

டோபியாஸ் லூட்கேயின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒட்டாவாவில் இருந்துகொண்டு 2004இல் இணையத்தில் ஸ்னோபோர்ட் விற்கப் பார்த்தார். அப்போது கிடைத்த கடை மென்பொருள் ஒன்றும் பிடிக்காமல் தானே ஒன்றை எழுதினார். ஸ்னோபோர்ட்டை விட அந்த மென்பொருளுக்குத்தான் மதிப்பு என்று விளங்கி, 2006இல் அதை எல்லாருக்குமாக வெளியிட்டார். அதுதான் ஷொப்பிஃபை. இந்தக் கதையைச் சொல்லி "நாங்களும் எழுதுவம்" என்று கிளம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதை மறுவளமாகப் பார்க்கிறேன். 2004இல் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு அவர் மாதிரி ஆட்கள் எழுதி வைத்ததை மாத வாடகைக்கு எடுக்கலாம்.

பில் போடுகிறது, வரிக் கணக்கு, காட்டில் காசு வாங்குகிறது, நாட்காட்டி இவை எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். இவற்றுக்குத் தனியாகச் செய்விக்கிறது வீண். அதிலும் காட் இலக்கங்களைச் சொந்தச் சிஸ்டத்தில் சேமிக்கவே வேண்டாம், அதற்கென்று இருக்கிற நிறுவனங்களிடம் விடுங்கோ. ஆட்கள் உங்களிடம் ஏன் வருகிறார்களோ, அந்த இடம் மட்டும்தான் அளவெடுத்துத் தைக்க உகந்தது. பெரியம்மாவிடம் அது ஊரும் கொண்டாட்டமும் பார்த்து அளவு போடுகிறதும், அதிலிருந்து குசினிக்கு ஒரு பட்டியல் போகிறதும். அதை மட்டும் செய்விக்க 4,500 டொலர் ஆனது.

காசும் கடுதாசியும்

விலை பேசுகிறதில் பொதுவாக இரண்டு முறை இருக்கு. மொத்தமாக ஒரு தொகை பேசினால் மனதுக்கு நிம்மதி. ஆனால் வேலை தொடங்கின பிறகு வருகிற ஒவ்வொரு "ஆனா"வும் சண்டையாகும். மணித்தியாலக் கணக்கென்றால் மாற்றலாம், ஆனால் டாக்சி மீற்றர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு இரண்டாம் முறை சரிவந்தது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இரண்டு கிழமைக்கு ஒரு சின்னத் துண்டு, அந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு விலை. அது குசினியில் உண்மையான ஓடரோடு ஓடினால்தான் அடுத்த துண்டு. கடைசிப் பங்குக் காசை, கொப்பியும் சிஸ்டமும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடி முடிந்த பிறகுதான் குடுத்தோம். அந்த மாதத்தில் மட்டும் நாலு பிழை பிடித்தோம். எல்லாம் கொப்பிதான் காட்டிக் குடுத்தது.

அடுத்தது, எபிசோட்டில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போன விசயம். இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கோ. காசு குடுத்தது நாங்கள், ஆகவே மென்பொருள் எங்கட என்றுதான் எல்லாரும் நினைப்போம். கனடாவில் சட்டம் அப்படி இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், உரிமை உங்களுக்கு. வெளியாள் ஒருவரை அமர்த்திச் செய்வித்தால், முதல் உரிமை அவர்கள் பக்கம். அது உங்களுக்கு மாறவேணும் என்றால் எழுத்தில், அவர்களின் கையெழுத்தோடு இருக்கவேணும். வாய்ப்பேச்சு காணாது. பிரிட்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் அடிப்படை இதுதான். ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு பந்தி. எழுதின நிரலின் பதிப்புரிமை, காசு கட்டி முடிந்ததும் எங்களுக்கு மாறுகிறது என்று. அவர்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் பயன்படுத்துகிற பொதுத் துண்டுகளைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கேட்பார்கள், அது நியாயம். உங்களுக்கு அவற்றைத் தொடர்ந்து பாவிக்க அனுமதி இருந்தால் போதும். தொகை பெரிதென்றால் ஒரு வக்கீலுக்குக் காட்டுங்கோ.

கடுதாசியை விட அவசரமானது கணக்குகள். முதல் முறை எங்கட இணையப் பெயர் டெவலப்பரின் கணக்கில் இருந்தது. சேர்வருக்கான காசு அவருடைய காட்டில் போனது. மெசேஜ் அனுப்புகிற சேவையும் அவருடைய பெயரில். லப்டொப்பை மூடின பிறகு, அதற்குள் இருந்த 1,100 வாடிக்கையாளரின் இலக்கங்களையாவது எடுப்போம் என்று எழுதினேன். அவர் வேறு வேலைக்கு மாறியிருந்தார். பதில் வர ஐந்து கிழமை ஆனது. தந்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து கிழமையும், இருபது வருசத் தொழிலின் ஆட்கள் பட்டியல் எங்களுக்குத் தெரியாத ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் கிடந்தது. இப்ப எல்லாம் கடையின் மின்னஞ்சலில் திறந்து, டெவலப்பரை உள்ளே விருந்தாளியாகச் சேர்த்திருக்கு. நிரல் கடையின் கிட்ஹப் கணக்கில். இது அரை நாள் வேலை, முதல் நாளே செய்யலாம். ஆட்களின் விபரத்தை நாங்கள் சேர்க்கிறோம் என்றால் அதைப் பாதுகாக்கிற பொறுப்பும் எங்கட. பாரதூரமான தீங்கு வரக்கூடிய மாதிரி விபரம் வெளியே போனால் அறிவிக்கவேணும் என்ற கட்டாயம் கனடாவில் 2018 நவம்பரிலிருந்து இருக்கு. "டெவலப்பர்தான் வச்சிருந்தவர்" என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொரு செலவை ஒருவரும் பெரியம்மாவிடம் சொல்லவில்லை, நான் உட்பட. செய்து முடித்த மென்பொருள் கார் மாதிரி. ஒயில் மாற்றவேணும், குளிருக்கு டயர் மாற்றவேணும். போன் புதுப்பிக்கப்படும், பாதுகாப்பு ஓட்டைகள் வரும், பணம் வாங்குகிற சேவை தன்ர முறையை மாற்றும். கட்டின செலவில் வருசத்துக்கு 15 முதல் 20 வீதத்தை இதற்கு ஒதுக்கு என்பது துறையில் வழமையாகச் சொல்கிற கைக்கணக்கு. 18,000 டொலர் சிஸ்டத்துக்கு அது வருசம் 2,700 முதல் 3,600 வரை. அந்த எண்ணை முதலே சொல்லியிருந்தால் பெரியம்மா செக் எழுதியிருக்கமாட்டா என்று நினைக்கிறேன்.

"ஏஐயிடம் கேட்டா ஒரு இரவில செய்து தருமே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. 2025 பெப்ரவரியில் ஆந்த்ரே கர்பாதி "வைப் கோடிங்" என்று பெயர் வைத்ததில் இருந்து எங்கட வட்ஸ்அப் குழுவில் வேறு கதையே இல்லை. நானும் செய்து பார்த்தேன். ஒரு பின்னேரம், கேட்டரிங் ஓடர் சிஸ்டம், முற்பணத்தோடு வேணும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி போட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் அழகான ஒன்று வந்தது. திறந்து பார்த்தால் முற்பணம் கட்டாயப் பெட்டி. கட்டாவிட்டால் மெசேஜ். அதே செத்தவீடு, திரும்ப. அந்த 61 "ஆனா"வையும் முதலில் குடுத்துவிட்டுக் கேட்டபோது எவ்வளவோ நல்லாக வந்தது. ஆனால் அந்த 61ஐ எடுக்க மூன்று சனிக்கிழமை குசினியில் இருந்தது நான். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 வேலையை முகாமை செய்த பிரெட் புரூக்ஸ் 1986இலேயே ஒரு கட்டுரையில், நிரல் எழுதுகிறதை விட எதை எழுதவேணும் என்று சரியாகத் தீர்மானிக்கிறதுதான் பெரிய பாடு என்று வாதிட்டார். எழுதுகிற பக்கம் இப்ப மலிந்துவிட்டது. மற்றப் பக்கம் அப்படியே கிடக்கிறது.

புதுச் சிஸ்டம் 2025 கோடையில் இருந்து ஓடுகிறது. ஓடர் எடுக்கேக்கை முதல் கேள்வி "என்ன விசேசம்?" அதில் செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி, திவசம் என்று போட்டால் ஒரு மெசேஜும் வெளியே போகாது. கொப்பியும் இருக்கு. குசினியில் டாப்லெட்டுக்கு மேல் மா படிந்தால் பெரியம்மா கொப்பியைத்தான் எடுப்பா.

இந்த முறை கந்தசஷ்டிக்கு இரண்டு நாள் இருக்க, நான் வேலையில் நிற்கேக்கை போன் வந்தது.

"தம்பி, ஒரு வீட்டில ஆறு நாளும் விரதக்காரருக்குச் சாப்பாடு கேக்கினம். ஆறு ஓடரா விழுது, ஆறு பில் வருது. அது பரவாயில்லை, ஆனா..."

"பொறுங்கோ பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, 62 என்று இலக்கம் போட்டேன்.

(நாங்கள் "ஆனா" எழுதின ஒரு பக்கத் தாளின் வெறும் பிரதி என்னிடம் இருக்கு. உங்கட வீட்டுக் கடைக்கு வேணும் என்றால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ, அனுப்பிவிடுகிறேன். அடுத்த எபிசோட் வியாழன்.)